நீதான்டா ஓட்டுப் போட்டே!

மலர்க் குழுவிலிருந்து போன். "நம்ம பேட்ச்லேர்ந்து ஒருத்தரும் எழுதலப்பா. நீ கிரிப்டோ அது இதுன்னு என்னமோ பண்ணுவியே, அதைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடு. ஆனா படிக்கிறவங்களுக்குப் புரியணும், ஆமா" என்றார் சங்கச் செயலாளர். கிரிப்டோவில் நான் சம்பாதித்ததைப் பற்றி எழுதினால் நாலு வரி கூட வராது. ஆகவே பணத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. ஓட்டைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு விடுதியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

2008 ஜனவரி. பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை மெஸ் செயலாளர் தேர்தல். பாதிப் பேர் வெள்ளிக்கிழமை ராத்திரியே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள் என்பதால் ஒரு ஏற்பாடு இருந்தது. நம்மவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு துண்டுச் சீட்டில் பெயர், அறை எண் எழுதிக் கையெழுத்துப் போட்டு யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போனால், அவர் உங்கள் ஓட்டையும் சேர்த்துப் போடலாம். நானும் கையெழுத்துப் போட்டு அறைத் தோழனிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். யாருக்குப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

பொங்கல் முடிந்து திரும்பி வந்தால் மெஸ்ஸில் புது கான்ட்ராக்டர். இட்லிக்குச் சாம்பார் மட்டும்தான், சட்னி கிடையாது. மாதக் கடைசியில் பில்லில் நூற்றைம்பது ரூபாய் கூடுதல். "எந்தப் புண்ணியவான்டா இந்த ஆளுக்கு ஓட்டுப் போட்டது?" என்று சாப்பாட்டு மேஜையில் கத்தினேன். அறைத் தோழன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: "நீதான்டா ஓட்டுப் போட்டே."

விசாரித்ததில் கதை இதுதான். அவனுக்கும் கடைசி நேரத்தில் ரயில் டிக்கெட் கன்ஃபர்ம் ஆகிவிட்டது. தன் சீட்டையும் என் சீட்டையும் பக்கத்து அறை சீனியரிடம் கொடுத்திருக்கிறான். அவர் அதைத் தன்னிடம் சேர்ந்த மற்ற சீட்டுகளோடு கட்டி, வேட்பாளரிடமே கொடுத்துவிட்டார். மொத்தம் நாற்பத்தொரு சீட்டுகள். ஜெயித்த வித்தியாசம் அதைவிடக் குறைவு. இதில் யாரும் கள்ள ஓட்டுப் போடவில்லை. எல்லாம் விதிப்படிதான் நடந்தது.

பன்னிரண்டு வருஷம் கழித்து இதே நாடகத்தை உலக அளவில் பார்ப்பேன் என்று அப்போது தெரியாது.

அதே 2008, அக்டோபர் 31. நாம் ஐந்தாவது செமஸ்டர் பரீட்சைக்கு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்த சமயம், சதோஷி நாகமோட்டோ என்ற புனைபெயரில் யாரோ ஒருவர் பிட்காயின் பற்றிய ஒன்பது பக்கக் கட்டுரையை வெளியிட்டார். பாங்க் இல்லாமல் ஒரு பொதுக் கணக்குப் புத்தகம். அதன் நகல் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கும். எல்லோரிடமும் நகல் இருந்தால் அடுத்த பக்கத்தை யார் எழுதுவது? எழுதியது சரி என்று யார் சொல்வது? பிட்காயினின் பதில்: மின்சாரத்தைச் செலவழித்துக் கடினமான கணக்கு ஒன்றைப் போட்டு முடிப்பவர் எழுதலாம். பொய்க் கணக்கு எழுதினால் மற்றவர்கள் ஏற்க மாட்டார்கள். கரண்ட் பில்தான் மிச்சம்.

கரண்ட் பில்லுக்குப் பயந்தவர்கள் வேறு வழி தேடினார்கள். 2012-ல் பியர்காயின் வந்தது. கையில் எவ்வளவு டோக்கன் இருக்கிறதோ அந்த விகிதத்தில் பக்கம் எழுதும் வாய்ப்பு. இதற்கு 'ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக்' என்று பெயர். பங்கு வைத்திருப்பவனுக்குப் பொறுப்பும் இருக்கும் என்ற நம்பிக்கை. ஆனால் டோக்கன் வைத்திருக்கிற எல்லோரும் ராத்திரி பகல் கம்ப்யூட்டரை ஓட விட்டு உட்கார்ந்திருப்பார்களா? மாட்டார்கள். அங்கேதான் நம் துண்டுச் சீட்டு உள்ளே வருகிறது.

ஓட்டை இன்னொருவர் கையில் கொடுப்பது பழைய யோசனைதான். 'ஆலிஸின் அற்புத உலகம்' எழுதிய லூயிஸ் கரோல் உண்மையில் ஆக்ஸ்ஃபோர்டில் கணித ஆசிரியர். டாட்ஜ்ஸன் என்பது சொந்தப் பெயர். 1884-ல் பாராளுமன்றப் பிரதிநிதித்துவம் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஜெயிப்பதற்குத் தேவையானதற்கு மேல் ஒரு வேட்பாளருக்கு விழுந்த ஓட்டுகள் அவருடைய சொத்து மாதிரி, அவற்றை அவர் வேறு வேட்பாளருக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்பது அதில் அவருடைய யோசனை. முயல் வளைக்குள் ஆலிஸை இறக்கியவருக்கு இதுவும் தோன்றியதில் ஆச்சரியமில்லை!

2010-ல் ஜெர்மனியின் பைரேட் கட்சி, 'லிக்விட் ஃபீட்பேக்' என்ற ஸாஃப்ட்வேரைக் கட்சிக்குள் கொண்டுவந்தது. ஒவ்வொரு விஷயத்துக்கும் நீங்களே ஓட்டுப் போடலாம், அல்லது நம்பிக்கையான ஒருவரிடம் உங்கள் ஓட்டை ஒப்படைக்கலாம். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அழகான ஏற்பாடு. நடந்தது என்னவென்றால், கட்சியில் எந்தப் பதவியும் வகிக்காத ஒரு மொழியியல் பேராசிரியரிடம் ஓட்டுகள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்து, அவர் கை தூக்கினால் தீர்மானமே சாயும் என்கிற நிலை வந்தது. அவர் தப்பு ஒன்றும் செய்யவில்லை. ஓட்டைத் திரும்பப் பெறலாம் என்பது விதி. திரும்பப் பெறுவதற்கு யாருக்கும் ஞாபகம் இல்லை என்பது நடைமுறை.

இந்த முறையைப் பிளாக்செயினுக்குள் கொண்டுவந்தவர் டேன் லாரிமர் என்ற அமெரிக்க எஞ்சினியர். 2014-ல் அவர் தொடங்கிய பிட்ஷேர்ஸில், டோக்கன் வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போட்டு 101 பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த 101 பேர்தான் முறை வைத்துக் கணக்குப் பக்கம் எழுதுவார்கள். அவரும் நெட் ஸ்காட் என்பவரும் சேர்ந்து 2016 மார்ச்சில் ஸ்டீம் என்ற பிளாக்செயினைத் தொடங்கினார்கள். கட்டுரை எழுதினால், பிடித்தவர்கள் ஓட்டுப் போட்டால், டோக்கன் கிடைக்கும். நான் 2017-ல் சேர்ந்தேன். பம்ப் மோட்டார் ஏன் கருகுகிறது என்று தமிழில் நாலைந்து கட்டுரை எழுதி, முந்நூற்றுச் சொச்சம் டோக்கன் சேர்த்தேன். கடலில் கரைத்த பெருங்காயம்தான். ஆனாலும் என் பெருங்காயம்.

ஸ்டீமின் அரசியல் சட்டத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் நடந்ததெல்லாம் இந்தச் சின்னச் சின்ன விதிகளின் விளைவு.

பக்கம் எழுதுபவருக்கு அங்கே 'விட்னஸ்' என்று பெயர், அதாவது சாட்சி. மற்ற இடங்களில் வாலிடேட்டர் என்பார்கள். மூன்று வினாடிக்கு ஒரு பக்கம். ஒரு சுற்றுக்கு 21 சாட்சிகள். அதில் 20 பேர் அதிக ஓட்டு வாங்கியவர்கள், ஒருவர் பின்வரிசையிலிருந்து முறை வைத்து வருபவர். விதியையே மாற்ற வேண்டுமானால் 21-ல் 17 பேர் சம்மதிக்க வேண்டும். சாட்சியாவதற்கு என்ன தகுதி? ஒரு சர்வர் ஓட்டத் தெரிய வேண்டும், டோக்கனின் விலையை அவ்வப்போது அறிவிக்க வேண்டும், ஸாஃப்ட்வேரைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். டெபாசிட் கிடையாது. ஓட்டு வாங்கினால் போதும். ஓட்டுரிமை தலைக்கு ஒன்று இல்லை, டோக்கனுக்கு ஒன்று. அதுவும் டோக்கனைப் 'பவர் அப்' செய்து உள்ளே பூட்டி வைத்தால்தான். பூட்டியதை வெளியே எடுக்க வேண்டுமென்றால் அந்நாளில் 13 வாரத் தவணை.

முக்கியமான விதி இனிமேல்தான். ஒருவர் 30 சாட்சிகள் வரை ஓட்டுப் போடலாம். ஒவ்வொருவருக்கும் அவருடைய முழு டோக்கன் பலமும் விழும், பங்கு போடாது. இதில் என்ன ஆகிறது பாருங்கள். ஒரு கோஷ்டியிடம் 100 டோக்கன், எதிர் கோஷ்டியிடம் 99. முதல் கோஷ்டி தன் ஆட்கள் இருபது பேருக்கும் தலா 100 போடும். எதிர் கோஷ்டி தன் இருபது பேருக்குத் தலா 99 போடும். முடிவு பத்துக்குப் பத்து என்று வருமா? வராது. இருபதும் முதல் கோஷ்டிக்கே! ஒரு டோக்கன் வித்தியாசத்தில் மொத்த சபையும் கைமாறும்.

இன்னொரு விதி, ப்ராக்ஸி. நம் ஊரில் 'பவர்' எழுதிக் கொடுப்பது என்பார்களே, அது. முப்பது பேரை நானே தேட முடியாது என்றால் என் ஓட்டு முழுவதையும் இன்னொருவருக்குப் பவர் எழுதிவிடலாம். அவர் அதை வேறொருவருக்குக் கைமாற்றலாம். இப்படி நாலு கை வரை போகலாம் என்று புரோகிராமிலேயே எழுதி வைத்திருந்தார்கள். முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு மெஸ்ஸும் சட்னியும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விஷயம் தெரிந்தவர் மாதிரி பேசிய ஒருவருக்கு நானும் பவர் எழுதிக் கொடுத்துவிட்டு அதை மறந்தே போனேன். நம் நாட்டுக் கம்பெனிச் சட்டம் இந்த விஷயத்தில் உஷாரானது. ஒருவர் ஐம்பது பங்குதாரர்களுக்கு மேல் ப்ராக்ஸியாக முடியாது, மொத்தம் பத்து சதவீதப் பங்குக்கு மேலும் கூடாது. ஸ்டீமில் அப்படி எந்த உச்சவரம்பும் இல்லை.

நிறுவனர்களின் கம்பெனியான ஸ்டீமிட், தொடக்க நாட்களிலேயே டோக்கன்களில் பெரும்பகுதியைத் தானே உருவாக்கி எடுத்துக்கொண்டது. 2020 வாக்கில் மொத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதன் கையில் இருந்தது. "இது வளர்ச்சிப் பணிக்காக வைத்திருப்பது, சாட்சிகளுக்கு ஓட்டுப் போட உபயோகிக்க மாட்டோம்" என்று சொல்லியிருந்தார்கள். சொன்னது சொல்லாகத்தான் இருந்தது, புரோகிராமில் ஏறவில்லை. எஞ்சினியர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் நாலு வருஷம் யாரும் அதைத் தொடவில்லை.

2020 பிப்ரவரி 14. டிரான் பிளாக்செயினின் நிறுவனர் ஜஸ்டின் சன், ஸ்டீமிட் கம்பெனியை வாங்கிவிட்டதாக அறிவிப்பு வந்தது. கம்பெனியோடு அந்த ஐந்தில் ஒரு பங்கும் போகிறது. பழைய வாக்குறுதி புது முதலாளியைக் கட்டுப்படுத்துமா? சாட்சிகள் பயந்துபோனார்கள். பிப்ரவரி 23 அன்று புது ஸாஃப்ட்வேர் ஒன்றை ஏற்றி, ஸ்டீமிட்டின் டோக்கன்கள் ஓட்டுப் போடவோ நகரவோ முடியாதபடி பூட்டினார்கள். தற்காலிகம்தான், பேச்சுவார்த்தை முடிகிற வரைக்கும் என்றார்கள்.

இந்த இடத்தில் என் நண்பர்கள் பலரோடு எனக்குச் சண்டை உண்டு. அவர்களுக்கு சாட்சிகள் வீரர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்னொருவர் காசு கொடுத்து வாங்கிய டோக்கனை, அவர் ஒரு தப்பும் செய்வதற்கு முன்னால், இருபது பேர் கூடிப் பூட்ட முடியும் என்றால் பிளாக்செயின் எதற்கு? அதற்குக் கூட்டுறவு சொஸைட்டி போதுமே. பயம் நியாயமானது, பூட்டு நியாயமானதில்லை. முதல் கல்லை எறிந்தது யார் என்பதை இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

பதிலடி மார்ச் 2 அன்று வந்தது, எதிர்பாராத திசையிலிருந்து. பைனான்ஸ், ஹுவோபி, பொலோனியெக்ஸ் என்று மூன்று பெரிய கிரிப்டோ சந்தைகள். ஜனங்கள் வாங்கி விற்பதற்காகத் தங்கள் ஸ்டீம் டோக்கன்களை அங்கே போட்டு வைத்திருந்தார்கள். பாங்க் லாக்கர் மாதிரி என்று நினைப்பு. ஆனால் பிளாக்செயினைப் பொறுத்தவரை, சந்தையின் கணக்கில் இருக்கும் டோக்கன் சந்தையின் டோக்கன்தான். சாவி யாரிடமோ அவருக்குத்தான் ஓட்டு. மூன்று சந்தைகளும் வாடிக்கையாளர்களின் கோடிக்கணக்கான டோக்கன்களைப் பவர் அப் செய்து சன் பக்கம் ஓட்டுப் போட்டன. சில மணி நேரத்தில் பழைய சாட்சிகள் இருபது பேரும் கீழே; முன்பின் கேள்விப்படாத இருபது புதுக் கணக்குகள் மேலே. பூட்டு உடைந்தது.

இருபது பேரா, ஒரே ஆள் இருபது வேஷமா? பார்த்தவர்கள் எல்லோரும் வேஷம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் வேஷம் கூடாது என்று விதி இருந்ததா? இல்லை. சாட்சிக்கு சர்வர் வேண்டும், ஓட்டு வேண்டும் என்று எழுதியவர்கள், இருபது சாட்சியும் இருபது ஆளாக இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. எழுதியிருந்தாலும் எப்படிச் சரிபார்ப்பது? ரேஷன் கார்டு கேட்கவா?

யோசித்துப் பாருங்கள். ஷாங்காயிலோ சாவோ பாவ்லோவிலோ ஒருவன் நூறு டோக்கன் வாங்கிச் சந்தையில் வைத்துவிட்டுத் தூங்கப் போகிறான். ஸ்டீமில் சாட்சி என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. காலையில் எழுந்தால் ஒரு ஆட்சி கவிழ்ந்திருக்கிறது, அதில் அவனுடைய ஓட்டும் இருக்கிறது. போதாக்குறைக்கு, பவர் அப் ஆன டோக்கன் விதிப்படி 13 வாரத் தவணையில்தான் வெளியே வரும். நீதான்டா ஓட்டுப் போட்டே!

கண்டனம் பலமாக எழுந்தது. இது வழக்கமான ஸாஃப்ட்வேர் மேம்பாடு என்று நினைத்துச் சம்மதித்ததாக பைனான்ஸின் அப்போதைய தலைவர் சாங்பெங் ஜாவ் சொல்லி, ஓட்டை விலக்கிக்கொண்டார். ஹுவோபியும் விலக்கிக்கொண்டது. பொலோனியெக்ஸின் கதை வேறு. அதை 2019-ல் வாங்கிய முதலீட்டாளர்களில் சன்னும் ஒருவர். டோக்கன் ஓட்டு முறையில் இப்படி ஒரு தாக்குதல் சாத்தியம் என்று எதிரியம் நிறுவனர் விடாலிக் புடெரின் வருஷக்கணக்காக எழுதி வந்தவர். இதை அதற்கான முதல் பெரிய உதாரணம் என்று சுட்டிக்காட்டினார். நம் நாட்டில் அதே வாரம், மார்ச் 4 அன்று, கிரிப்டோ வியாபாரத்துக்கு பாங்க்குகள் உதவக் கூடாது என்ற ரிசர்வ் பாங்க்கின் 2018 சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. என் சக ஊழியர்கள் டீக்கடையில் அதைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனசு அங்கே இல்லை.

ஏனென்றால் மார்ச் 3 ராத்திரி நான் என் ஸ்டீம் கணக்கைத் திறந்து பார்த்திருந்தேன். பழைய சாட்சிகளுக்கு ஓட்டுப் போடுங்கள், ஒவ்வொரு டோக்கனும் முக்கியம் என்று எங்கு பார்த்தாலும் கூக்குரல். போடலாம் என்று போனால் 'உங்கள் ஓட்டு ப்ராக்ஸியிடம் இருக்கிறது' என்கிறது. யாருக்குக் கொடுத்தேன் என்று தேடிப் பார்த்தால், 2017-ல் பவர் எழுதிக் கொடுத்த அந்த மனிதர் கடைசியாக எழுதியது 2018-ல். அதற்குப் பிறகு ஆளைக் காணோம். அவர் உயிரோடு இருக்கிறாரா, சாவியைத் தொலைத்தாரா, ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் 2018-ல் தேர்ந்தெடுத்த சாட்சிகளுக்கு என் டோக்கன் அன்றுவரை விசுவாசமாக ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. அதில் இரண்டு பேர் சர்வரையே அணைத்துவிட்டுப் போய்விட்டவர்கள்.

ஊரை உளறுவதற்கு முன்னால் என் வீட்டு வாசலைப் பார்த்தேன் என்று வையுங்கள். சந்தைக்காரன் கேட்காமல் எடுத்துக்கொண்டான். நான் கேட்காமலேயே கொடுத்திருந்தேன். ப்ராக்ஸியை நீக்கிவிட்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு சாட்சியும் என்ன செய்கிறார், எங்கே சர்வர் வைத்திருக்கிறார் என்று படித்தேன். முப்பது இடத்தில் பதினொன்றுதான் நிரப்ப முடிந்தது. மனைவி எட்டிப் பார்த்து, "எவ்வளவு ரூபாய் விஷயம் இது?" என்று கேட்டாள். கணக்குப் போட்டுச் சொன்னேன். "மூவாயிரத்துச் சொச்சம்." அவள் ஒன்றும் சொல்லாமல் விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

ஜனங்கள் திரண்டு ஓட்டுப் போட்டதில் பழைய சாட்சிகள் சில இடங்களைத் திரும்பப் பிடித்தார்கள். இரு தரப்புக்கும் 17 இல்லை. இழுபறி. கடைசியில் மார்ச் 20 அன்று பழைய கோஷ்டி தனிக்குடித்தனம் போனது. கணக்குப் புத்தகத்தை அப்படியே நகல் எடுத்து 'ஹைவ்' என்ற புதுச் சங்கிலி. ஸ்டீமில் எவ்வளவு வைத்திருந்தீர்களோ அவ்வளவு ஹைவ் டோக்கன் உங்களுக்கு. ஸ்டீமிட்டின் பங்குக்கு மட்டும் ஒன்றுமில்லை. சன் தரப்புச் சாட்சிகளுக்கு ஆதரவாக இருந்ததாகக் கருதப்பட்ட சில கணக்குகளுக்கும் முதலில் இல்லை என்றார்கள். நம் ஊர் அடங்குவதற்கு அப்போது இரண்டு நாள்தான் இருந்தது. 22-ந் தேதி மக்கள் ஊரடங்கு, 25-லிருந்து முழு ஊரடங்கு. வீட்டில் அடைந்து கிடந்த நாட்களில் எனக்கு இரண்டு நாட்டுக் குடியுரிமை.

அந்தப் பக்கம் ஸ்டீமில் மே 20 அன்று இன்னொரு விதி மாற்றம். எதிர்ப்பாளர்கள் என்று கருதப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட கணக்குகளிலிருந்து சுமார் 2 கோடியே 36 லட்சம் டோக்கன்களைப் பறிமுதல் செய்து ஒரு கணக்கில் சேர்த்தார்கள். அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 50 லட்சம் டாலர். சேர்த்த சூட்டோடு அந்தக் கணக்கின் சாவி வைத்திருந்த யாரோ, உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் குறிப்பு எழுதி, எல்லாவற்றையும் பிட்ரெக்ஸ் என்ற சந்தைக்கு அனுப்பிவிட்டார்! சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம். பிப்ரவரியில் பூட்டு, மார்ச்சில் விலக்கி வைப்பு, மே மாதம் பறிமுதல். மூன்று முறையும் 17 கை உயர்ந்தது, மூன்று முறையும் புரோகிராம் சரியாக வேலை செய்தது.

ஹைவ்காரர்கள் சூடுபட்ட பூனைகள். பவர் அப் செய்த டோக்கன் 30 நாள் கழித்துத்தான் சாட்சித் தேர்தலில் செல்லும் என்று விதி வைத்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஆட்சியைக் கவிழ்க்க முடியாது. ஒரு மாதம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்தத் தாமதம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது 2022 ஏப்ரல் 17 அன்று வேறொரு இடத்தில் தெரிந்தது. பீன்ஸ்டாக் என்ற திட்டத்தில் ஒருவர் சுமார் 100 கோடி டாலர் கடன் வாங்கி, அதைக் கொண்டு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓட்டுப் பலம் பெற்று, கஜானாவைத் தனக்கு அனுப்பும் தீர்மானத்தை நிறைவேற்றி, கடனையும் அடைத்துவிட்டார். எல்லாம் ஒரே டிரான்ஸாக்‌ஷனில், சில வினாடிகளில். நஷ்டம் சுமார் 18 கோடி டாலர். கடன் வாங்கிய ஓட்டும் ஓட்டுதான் என்றது புரோகிராம்.

வாலிடேட்டர் தகுதி பற்றி மற்றவர்கள் வேறு விதமாக யோசித்திருக்கிறார்கள். எதிரியத்தில் தேர்தலே கிடையாது. 2020 டிசம்பரிலிருந்து 32 ஈதர் டெபாசிட் கட்டினால் யாரும் வாலிடேட்டர். இரட்டைக் கணக்கு எழுதினால் டெபாசிட்டில் வெட்டு. ஆள் யார் என்று பார்க்க வேண்டாம், ஜாமீன் இருந்தால் போதும் என்கிற கட்சி. டெஸோஸில் ஆரம்பத்தில் 10,000 டோக்கன் வேண்டும் என்றார்கள். 2019-ல் உள்ளே இருந்தவர்களே ஓட்டுப் போட்டு அதை 8,000 ஆகக் குறைத்துக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டார்கள். இந்த மாதிரி நல்ல காரியங்கள் செய்தியாவதில்லை.

எனக்குப் பிடித்தது 2019 மார்ச்சில் தொடங்கிய காஸ்மாஸ் ஹப். நூறு வாலிடேட்டர்களோடு ஆரம்பித்துப் பிறகு கூட்டிக்கொண்டே போனார்கள். உங்கள் டோக்கனை ஒரு வாலிடேட்டரிடம் ஒப்படைக்கிறீர்கள். அவர் இரட்டைக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் ஐந்து சதவீதம் போய்விடும். ஆகவே யாரிடம் கொடுக்கிறோம் என்று கொஞ்சமாவது பார்ப்பீர்கள். தீர்மானம் ஏதாவது வந்தால் அவர் உங்கள் சார்பில் ஓட்டுப் போடுவார். ஆனால் அந்தக் குறிப்பிட்ட தீர்மானத்துக்கு நீங்களே நேரில் போட்டால் உங்கள் பங்குக்கு அவருடைய ஓட்டு செல்லாது. பாக்கி எல்லாம் அவரிடமே இருக்கும். சீட்டு அவர் கையில் இருக்கும்போதே நம் ஓட்டை மட்டும் உருவிக்கொள்ளும் வசதி. இருந்தும் சந்தை நிறுவனங்கள் அங்கேயும் வாலிடேட்டர்களாக உட்கார்ந்திருக்கின்றன. ஜனங்கள் சோம்பலாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற இடம் எப்போதும் பக்கத்தில் இருக்கிற கடைதான்.

ஹைவில் 2021 ஜூனில் இன்னொரு விதி வந்தது. ஒரு வருஷம் தொடர்ந்து நீங்கள் ஆட்சி சம்பந்தமாக எதுவும் செய்யவில்லை என்றால் உங்கள் சாட்சி ஓட்டுகளும் ப்ராக்ஸியும் தானாகக் காலாவதி. காணாமல் போன என் பவர் ஆசாமி மாதிரி ஆட்களுக்காகவே எழுதிய விதி. படித்தபோது கைதட்டினேன். அடுத்த தடவை கணக்கைத் திறந்து பார்த்தால் என் பதினொரு ஓட்டும் காலாவதியாகியிருந்தன. விதியைப் பாராட்டிவிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கமே போகவில்லை நான்! மறுபடியும் உட்கார்ந்து போட்டேன். இந்தத் தடவை ஒன்பது.

போன வாரம் சங்கத்திலிருந்து பொதுக்குழு அழைப்பு வந்தது. விடுதிக் கட்டட நிதியை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானம். வர முடியாதவர்களுக்குப் பின்பக்கத்தில் பதிலாள் படிவம். அன்று சாயந்திரமே என் பழைய அறைத் தோழன் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டான்.

"நான் வரலடா. ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டு உனக்கு அனுப்பிடறேன்."

"அனுப்பு. எதுக்கு ஓட்டுப் போடணும்னு எழுதி அனுப்பு."

"அதெல்லாம் உனக்குத் தெரியாதாடா?" என்றான்.